வின்டோஸ் 11 போடவா, விடவா?

களுவாஞ்சிக்குடியில் பிரதான வீதியோரம் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், பள்ளிக்கூடங்களுக்குத் தவணைப் பரீட்சைத் தாள் எல்லாம் மூன்று கம்பியூட்டரில் நடக்கிறது. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்ததிலிருந்து, அடையாள அட்டை கொப்பி எடுக்க வருகிறவர்கள்கூடப் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “தம்பி, என்ட லெப்டொப்பில பதினொண்டு போடச் சொல்லி வருது. போடவா, விடவா?”

மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கிற நேரத்துக்குள் இதற்குப் பதில் சொல்ல ஏலாது. என் கடையிலேயே மூன்று கம்பியூட்டருக்கும் மூன்று முடிவு. ஒன்றில் 11 போட்டேன். ஒன்றை இன்னும் ஒரு வருஷத்துக்கு 10 இலேயே இழுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவதை நெட்டிலிருந்தே கழற்றி விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், உங்களுடையது எந்த ரகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

“முடிஞ்சுது” என்றால் என்ன

ஒக்டோபர் 14 இரவோடு வின்டோஸ் 10 நின்றுவிடவில்லை. 2015 ஜூலை 29 இல் வந்த அந்த வின்டோஸ் நாளைக்கும் ஒன் ஆகும், வேர்ட் திறக்கும், பிரின்ட் அடிக்கும். நின்றுபோனது மாதாமாதம் சும்மா வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட். புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுவது நிற்காது, அடைக்கத்தான் ஆள் வராது. ஓடு உடைந்த கூரை மாதிரி. மாரி தொடங்கும் வரைக்கும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் அந்த வருஷம் மார்ச்சிலேயே அப்டேட் விட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களின் பைல்கள் பூட்டுப்பட்டு, திறப்பதற்குக் காசு கேட்டுத் திரையில் அறிவித்தல் வந்தது. இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரிகளே மாட்டின.

என் கதை அவ்வளவு பெரிசில்லை. பழைய வின்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 இல் ஆதரவு முடிந்தது. “ஓடுதுதானே” என்று 2016 வரைக்கும் அதையே ஓட்டினேன். ஒரு நாள் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து ஏதோ ஏறி, மூன்றாம் தவணைத் தாள்கள் இருந்த போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறின. எந்த அப்டேட் இருந்தாலும் அது ஏறியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நான் வைத்திருந்த வைரஸ் கார்ட்டும் அந்த நேரம் எக்ஸ்.பி.யைக் கைகழுவியிருந்தது. பாதித் தாளைத்தான் மீட்க முடிந்தது. மிச்சத்தை நானும் மனைவியும் விடிய விடிய இருந்து திரும்ப அடித்தோம். காலையில் பள்ளிக்கூடத்துச் சேர் வந்து நின்றபோது விஞ்ஞானம் இரண்டாம் பகுதி இன்னும் பிரின்டருக்குள் இருந்தது.

ஆதரவு முடிந்த அடுத்த நாளே எல்லாம் போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 இல் ஆதரவு முடிந்தும், குரோம் 2023 தொடக்கம் வரைக்கும் அதற்குப் புதிய பதிப்புத் தந்துகொண்டிருந்தது. 109 தான் கடைசி. வின்டோஸ் 10 உடன் வருகிற டிஃபென்டருக்கும் புது வைரஸ்களை அடையாளம் காட்டும் அப்டேட் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே பதறத் தேவையில்லை. ஆனால் டிஃபென்டர் காவல்காரன்தான். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவது அவன் வேலை இல்லை.

கம்பியூட்டரின் வயதைக் கேட்காதீர்கள்

எல்லோரும் “எத்தனை வருஷம் பழசு” என்றுதான் தொடங்குகிறார்கள். நான் கேட்பது வேறு. இதில் யாருடைய பென் டிரைவ் எல்லாம் ஏறுகிறது? இதில் பேங்க் கணக்கு, ஈமெயில், விண்ணப்பம் என்று நெட் வேலை ஏதும் நடக்கிறதா? இது மூன்று நாள் படுத்துவிட்டால் உங்களுக்கு என்ன நிற்கும்?

முதல் இரண்டுக்கும் வருகிற பதில் எவ்வளவு அவசரமாக மாற வேண்டும் என்று சொல்லும். மூன்றாவது, எந்தக் கிழமையில் தொடவே கூடாது என்று சொல்லும்.

என் முன்மேசை டெஸ்க்டொப்பில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பென் டிரைவ் ஏறி இறங்கும். பள்ளிக்கூடத்துப் பென், ரியூசன் பென், வெளிநாடு போகிற பெடியன்களின் சி.வி. வைத்த பென், எங்கே கிடந்தது என்று சொந்தக்காரருக்கே தெரியாத பென். அதை அப்டேட் இல்லாமல் விட்டால் ஊருக்கே நான் வைரஸ் பங்கிட்டுக் கொடுக்கிறேன் என்றுதான் அர்த்தம். பின்னறையில் இருக்கிற பழைய கம்பியூட்டரோ ஒரு ஸ்கேனருக்காக மட்டும் உயிரோடு இருக்கிறது. அதில் வெளியார் எவர் பென்னும் ஏறாது.

போடமுடியுமா என்று முதலில் பாருங்கள்

விருப்பம் இருந்தும் கம்பியூட்டர் இடம் கொடுக்காவிட்டால் பேசிப் பிரயோசனமில்லை. மைக்ரோசொப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளை இறக்கி ஓட்டினால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். காரணத்தையும் சொல்லும். அந்தக் காரணம்தான் முக்கியம், ஏனென்றால் சில “இல்லை” உண்மையான இல்லை, சில “இல்லை” ஐந்து நிமிஷ வேலை.

உண்மையான இல்லை, புரொசஸர். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் புரொசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் ஐ3, ஐ5 வகை என்றால் கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்கள். 4150 என்றால் நாலாம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10510 என்றால் பத்து. எட்டுக்குக் கீழே என்றால், மிகச் சில விதிவிலக்குத் தவிர, வின்டோஸ் 11க்கு இடமில்லை. ஏ.எம்.டி. ரைசனில் 3000 தொடர் என்றால் பெரும்பாலும் சரி. 2000 தொடரில் சிலது உண்டு, சிலது இல்லை, ஹெல்த் செக் சொல்வதைக் கேளுங்கள்.

ஐந்து நிமிஷ இல்லை, டி.பி.எம். கடவுச்சொல், பூட்டுச் சாவி போன்றவற்றைப் பத்திரமாக வைக்கிற பாதுகாப்புச் சில்லு அது. 11க்கு அதன் 2.0 பதிப்பு வேண்டும். எட்டாம் தலைமுறை லெப்டொப் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இது இருக்கும், ஆனால் பயோஸில், அதாவது வின்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் கம்பியூட்டரை ஒன் ஆக்குகிற அடிப்படை அமைப்பில், மூடி வைத்திருப்பார்கள். வின்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அமர்த்தி, வருகிற பெட்டியில் டி, பி, எம், ஒரு புள்ளி, எம், எஸ், சி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். காணவில்லை என்று வந்தால் பயோஸுக்குள் போய், இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் தேடி ஒன் பண்ணுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் போட்ட கம்பியூட்டர் என்றால் மீட்புச் சாவியைக் கையில் எழுதி வைத்துக்கொண்டுதான் பயோஸைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப ஒன் ஆகும்போது 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காண்கிற இன்னொரு சிக்கல், லெகசி என்ற பழைய தொடக்க முறையில் வின்டோஸ் போட்டுக் கொடுத்த கம்பியூட்டர்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயோஸ் மோட் என்ற வரியில் லெகசி என்று இருந்தால், ஹார்ட் டிஸ்க் பழைய எம்.பி.ஆர். அமைப்பில் இருக்கிறது. 11க்கு யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடுகிற செக்கியூர் பூட் வசதியும் வேண்டும். பைல் அழியாமல் டிஸ்க்கைப் புதிய ஜி.பி.டி. அமைப்புக்கு மாற்றுகிற எம்.பி.ஆர். 2 ஜி.பி.டி. என்ற கருவி வின்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் டிஸ்க்கை மாற்றிவிட்டுத்தான் பயோஸில் யூ.இ.எஃப்.ஐ. ஆக்க வேண்டும். இதைப் பழக்கமில்லாதவர்கள் தனியாகச் செய்யாதீர்கள், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் 4 ஜி.பி., இடம் 64 ஜி.பி. போதும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதை நம்பி ஏமாந்த கதை கீழே வருகிறது.

லெப்டொப்: போட்டேன்

எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், சுற்றாத வேகமான டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. உள்ளது. டைப்பிங் எல்லாம் இதில்தான். கடைக் கணக்கும் பேங்க் வேலையும் இதில்தான். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடைசித் திகதிக்குக் காத்திராமல் எட்டு மாதம் முந்தியே, கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். அந்த ஞாயிறு 2025 பெப்ரவரி 9.

குரங்கு ஞாபகம் இருக்கிறதா? நாடு முழுக்க மின்சாரம் போய், ஒரு துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்ன அதே நாள். பகல் பதினொன்றரை போல ஃபேன் நின்றது. திரையில் நீல நிறத்தில் அறுபது சொச்ச வீதம். “உங்கள் கம்பியூட்டரை நிறுத்த வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் எழுதிக்கிடக்கிறது. லெப்டொப்பின் பெட்டரி எவ்வளவு தாங்கும் என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் அது மாதக்கணக்காக மேசையை விட்டு எழும்பியதில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்ற பயத்தில் பக்கத்திலேயே இருந்து விசிறியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்து, “கம்பியூட்டருக்கு விசிறுறீங்களோ?” என்று கேட்டுவிட்டுப் போனா. இரண்டு தடவை தானாக ஓஃப் ஆகி ஒன் ஆகி, கடைசியில் புதுத் திரை வந்தபோது பெட்டரியில் 14 வீதம் மிச்சம்.

டெஸ்க்டொப்பில் இதைச் செய்திருந்தால், என் யூ.பி.எஸ். பத்து நிமிஷத்தில் அழத் தொடங்கியிருக்கும். 2022 இல் ஒரு கட்டத்தில் 13 மணி நேரம் கரன்ட் வெட்டிய நாட்டில் இருக்கிறோம். லெப்டொப் என்றால் முழுக்க சார்ஜ் ஏற்றி, சார்ஜரோடு வைத்துச் செய்யுங்கள். டெஸ்க்டொப் என்றால் நல்ல யூ.பி.எஸ். ஒன்றைக் கடன் வாங்கியாவது வையுங்கள். மாரி காலத்தில், இடி முழங்குகிற பின்னேரத்தில் தொடங்காதீர்கள்.

முன்மேசை டெஸ்க்டொப்: ஒரு வருஷம் தவணை

இது நாலாம் தலைமுறை ஐ3. 2014 இல் வாங்கியது. 11க்கு இடமே இல்லை. ஆனால் அந்த முப்பது நாற்பது பென்னும் இதில்தான் ஏறுகிறது. புதிதாக ஒன்று வாங்கலாம்தான். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதிலிருந்து கம்பியூட்டர் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. கல்முனையில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறி வந்தேன்.

இந்த ரகத்துக்குத்தான் இ.எஸ்.யூ. என்ற நீட்டிப்பு. வின்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். 30 டொலர் கட்டியும் எடுக்கலாம், நம் காசுக்கு ஒன்பதாயிரம் சொச்சம். ஆனால் கட்டத் தேவையில்லை. மைக்ரோசொப்ட் கணக்கொன்றில் உள்ளே போய், செட்டிங்ஸ் விபரங்களை அந்தக் கணக்கோடு சேமிக்க ஒத்துக்கொண்டால் இலவசம். செட்டிங்ஸில் அப்டேட் அன்ட் செக்கியூரிட்டி பக்கத்தைத் திறந்தால் “என்ரோல் நவ்” என்று ஒரு வரி இருக்கும். அமர்த்தினால் வழி காட்டும். இடையில் எப்போது சேர்ந்தாலும் முந்தி வந்த அப்டேட்டுகளும் சேர்ந்தே வரும்.

இலவசத்தில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. மைக்ரோசொப்டின் நெட் சேமிப்பிடமான ஒன்டிரைவ், உங்கள் டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களையும் மேலே ஏற்றட்டுமா என்று கேட்கும். இலவச இடம் 5 ஜி.பி. மட்டும்தான். கலியாணப் போட்டோ நிரம்பிய கம்பியூட்டரில் ஓம் என்று அமர்த்தினால் அது நிரம்பி, பிறகு தினமும் காசு கட்டச் சொல்லிக் கத்தும். டேட்டாவும் கரையும். போல்டர்களை மறுத்துவிட்டு, செட்டிங்ஸை மட்டும் ஏற்ற விடுங்கள்.

ஒக்டோபர் 13க்குப் பிறகு இந்த டெஸ்க்டொப்பில் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடப் போகிறேன். பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்த்தாயிற்று. மின்ட் 22 தொடருக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. வின்டோஸுக்கென்று எழுதின பென் டிரைவ் வைரஸ் அதில் ஓடாது என்பதுதான் என் மாதிரிக் கடைக்காரனுக்கு இனிப்பான செய்தி. பி.டி.எஃப். நன்றாகவே பிரின்ட் ஆகிறது. வேர்ட் பைல்தான் அதிலுள்ள லிப்ரே ஒப்பிஸ் என்ற மென்பொருளில் திறக்கும்போது வரி தள்ளிப்போகிறது. அதனால் தாள் அடிக்கிற வேலைக்கு மின்ட்டை நம்பமாட்டேன். கொப்பி, பிரின்ட் மட்டும் என்றால் போதும்.

குறுக்கு வழி ஒன்றும் ஊரில் நடக்கிறது. டி.பி.எம். சோதனையைத் தாண்டி, பழைய கம்பியூட்டரிலும் 11 போட்டுத் தருகிறார்கள். மச்சான் ஒருவருக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஓடுகிறது. ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பெரிய பதிப்பை ஒவ்வொரு முறையும் கையால் தள்ள வேண்டும். கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் புரொசஸர் காலத்துக் கம்பியூட்டரில் 11 இன் 24எச்2 பதிப்பு ஒன் ஆகவே ஆகாது, அந்தப் புரொசஸருக்குள் இல்லாத கட்டளைகளை அது கேட்கிறது. அப்டேட்டுக்காக மாறிவிட்டு அப்டேட்டையே சந்தேகத்தில் வைப்பதை வீட்டில் விளையாட்டுக்குச் செய்யலாம். கடையில் செய்யமாட்டேன். கிராக் போட்ட வின்டோஸும் அப்படித்தான். 11க்குப் போவதால் அது நல்ல பிள்ளையாகிவிடாது. அந்தக் கிராக் மென்பொருளோடு என்ன ஏறியது என்று போட்டவருக்கே தெரியாது.

பின்னறைக் கம்பியூட்டர்: கழற்றி விட்டேன்

32 பிட் வின்டோஸ் 10, 2 ஜி.பி. ரேம். அதோடு ஒரு பழைய ஸ்கேனர். பழைய உறுதிப் பத்திரங்களை ஸ்கேன் பண்ண இன்றைக்கும் அதுதான் எனக்குப் பிடித்தது. அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் 32 பிட் வின்டோஸுக்கு மட்டும்தான் இருக்கிறது. வின்டோஸ் 11 இல் 32 பிட் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே 11 என்றால் ஸ்கேனருக்கும் கும்பிடு. நெட் வயரைக் கழற்றினேன், வைஃபை டொங்கிளைக் கழற்றினேன், “நெட் இல்லை, பென் இல்லை” என்று டேப்பில் எழுதி முகத்திலேயே ஒட்டினேன். ஸ்கேன் பண்ணியது என் சொந்த பென் ஒன்றில் மட்டும் வெளியே வரும்.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை முதலாளிக்கும் இதைத்தான் சொன்னேன். அவரிடம் டொஸ் காலத்து 16 பிட் கணக்கு மென்பொருள் ஒன்று. 32 பிட் வின்டோஸ் வரைக்கும்தான் அது ஓடும். “அதுல பத்து வருசத்து நெல்லுக் கணக்கு இரிக்கி தம்பி” என்றார். அதைத் தொடாமல் விட்டு, நெட்டை எடுத்து, ஒவ்வொரு போகமும் முடியக் கணக்கைக் கடதாசியில் அடித்து பைல் போடச் சொன்னேன். புதுக் கணக்குக்கு வேறு கம்பியூட்டர். உங்கள் தொழில் ஒரே ஒரு பழைய மென்பொருளிலோ கருவியிலோ தொங்கிக்கொண்டிருந்தால், 11 நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னால் அதற்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

4 ஜி.பி. டீச்சர்

இனி அந்த ஏமாந்த கதை. ஒரு டீச்சரின் லெப்டொப். செலரோன் என்4000, 4 ஜி.பி. ரேம், சுற்றுகிற பழைய வகை ஹார்ட் டிஸ்க். ஹெல்த் செக் பச்சை நிறத்தில் சரி என்றது. போட்டேன். அடுத்த கிழமை திரும்ப வந்தா. “சேர், ஒன் பண்ணிப்போட்டுத் தேத்தண்ணி வெச்சுக் குடிச்சு முடிஞ்சுதான் வேர்ட் வருது.” திறந்து பார்த்தேன். ஒன்றுமே திறக்காமல் டிஸ்க் 100 வீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய வின்டோஸுக்கே திருப்பினேன். பிறகு அவ சம்மதித்ததும் எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, இன்னொரு 4 ஜி.பி. ரேம் ஏற்றி, அதற்குப் பிறகு 11 போட்டேன். இப்போது தேத்தண்ணிக்கு நேரமில்லை. உங்களுடையது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், கையில் இருக்கிற காசை முதலில் எஸ்.எஸ்.டி.க்குப் போடுங்கள். வின்டோஸ் எதுவாக இருந்தாலும் அதுதான் கம்பியூட்டரை வேகமாக்கும். 8 ஜி.பி. ரேமுக்குக் கீழே 11 வேண்டாம் என்பது என் கணக்கு. அறிவித்தலில் என்ன இருந்தாலும் சரி.

பாமினி போய்விடுமா?

டைப்பிங் செய்கிறவர்களின் பெரிய பயம் இது. போகாது. பாமினி வெறும் எழுத்துரு. கம்பியூட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்து, பாமினி அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. பழையதன் மேலேயே 11க்கு ஏற்றினால் எழுத்துருக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அழித்துப் புதிதாகப் போட்டால்தான், பத்து வருஷத்துத் தாள்கள் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பாமினியைத் திரும்பப் போட்டதும் எல்லாம் தமிழாகிவிடும். ஆனால் அந்த எழுத்துருப் பைல்களை முன்கூட்டியே ஒரு பென்னில் கொப்பி பண்ணி வைத்திருக்க வேண்டும். நான் போன்ட்ஸ் போல்டரை முழுசாகவே எடுத்து வைப்பேன்.

யூனிகோடில் அடிக்கிறவர்களுக்கு லதா என்ற எழுத்துருதான் சிக்கல். வின்டோஸ் 10 இலிருந்தே லதா தானாக வருவதில்லை. தமிழுக்கு நிர்மலா யூ.ஐ. என்ற எழுத்துருதான் உள்ளே இருக்கும். லதாவில் அடித்த நாலு பக்கத் தாள் நிர்மலாவில் திறந்தால் ஐந்தாம் பக்கத்துக்கு இரண்டு வரி தள்ளும். செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸைச் சேர்த்தால் லதா வந்துவிடும். தாள் அனுப்புவதற்கு முதல் நாள் இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

ஏற்றுகிற நாள்

சரி, போடுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். தவணைப் பரீட்சைக் கிழமை, விண்ணப்ப முடிவுத் திகதி, சம்பளக் கணக்கு முடிக்கிற நாட்களைத் தவிருங்கள். வெள்ளி பின்னேரம் தொடங்கினால் சனி, ஞாயிறு கையில் இருக்கும்.

பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். கொப்பி பண்ணியதில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். கொப்பி ஆனது என்று நம்பிக் கெட்டவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள். பிரின்டர் டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். என் லேசர் பிரின்டர் அந்தக் குரங்கு ஞாயிறுக்குப் பிறகு பேசவில்லை, டிரைவரை நீக்கித் திரும்பப் போட்டதும் சரியானது. நெட்டும் அந்த நேரம் இல்லாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை கடை திறந்தும் பயனில்லை.

வின்டோஸ் 11 இறக்க 5 ஜி.பி.க்கு மேல் போகும். வீட்டில் இரண்டு மூன்று கம்பியூட்டர் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இறக்காதீர்கள். மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஒரு தடவை இறக்கி வைத்தால் எல்லாவற்றுக்கும் போதும். இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். அந்தப் பென்னை, வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்து செட்டப்பை ஓட்டினால் பைல், மென்பொருள் எல்லாம் அப்படியே இருக்க மேலே ஏறும். கம்பியூட்டரை ஓஃப் பண்ணி அந்தப் பென்னிலிருந்து ஒன் பண்ணினால் அது புதுசாகப் போடுகிற வழி. இரண்டையும் மாற்றிப் பிடித்து அழுதவர்கள் உண்டு. ஒழுங்கான வின்டோஸ் 10 இருந்தவர்களுக்கு 11 இலவசம். இதற்கென்று “லைசன்ஸ் காசு” கேட்டால் கொடுக்காதீர்கள். வேலைக்கான கூலி வேறு கதை.

கடையில் கொடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒன்று. புதிதாகப் போடும்போது மைக்ரோசொப்ட் கணக்குக் கேட்கும். வேலை சுருக்காக முடியட்டும் என்று கடைக்காரர் தானே ஒரு கணக்கைத் திறந்து போட்டுவிடுவார், கடவுச்சொல்லை அவரும் மறந்துவிடுவார். 24எச்2 இலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே போனால் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டுப்படும். சாவி அந்தக் கணக்குக்குள் இருக்கும். ஒரு நாள் அந்த 48 இலக்கம் கேட்டால், மறந்துபோன கணக்குக்குள் கிடக்கிற சாவியை யாராலும் எடுத்துத் தர முடியாது. வெளிநாட்டில் இருக்கிற மகனின் போட்டோ எல்லாம் அதற்குள்ளே இருக்க, ஓர் அம்மா என் முன்னால் அழுதிருக்கிறா. உங்கள் ஈமெயில், உங்கள் போன் நம்பர், நீங்களே அடியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஏறிய பிறகு

ஸ்டார்ட் நடுவில் போய்விட்டது என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் என்று மாற்றலாம். ரைட் கிளிக்கில் பழையதைக் காணவில்லை என்றால் “ஷோ மோர் ஒப்ஷன்ஸ்” என்பதற்குக் கீழே இருக்கிறது. வேர்ட்பேட் 24எச்2 உடன் போய்விட்டது, அதில் சி.வி. அடித்து வைத்தவர்கள் வேர்டிலோ லிப்ரே ஒப்பிஸிலோ திறக்கலாம்.

அன்றைக்கே செய்ய வேண்டியது: பாமினியில் ஒரு பக்கம் அடித்துப் பிரின்ட் எடுங்கள், ஸ்கேன் ஒன்று போடுங்கள், பேங்க் பக்கத்துக்குள் போய் வாருங்கள், உங்கள் தொழிலுக்கென்று இருக்கிற மென்பொருளைத் திறந்து ஒரு பில் போடுங்கள். ஏதாவது சரிவராவிட்டால் திரும்பிப் போக வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, “கோ பேக்”. பழைய வின்டோஸ் முழுசாக ஒரு போல்டரில் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் பத்து நாள் மட்டும்தான். அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். இடம் அடைக்கிறது என்று அதற்குள் யாரும் கையால் அழித்துவிடாதீர்கள்.

பத்து நாள் கணக்கு எவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அதனால் எட்டாம் நாள் வருகிற திகதியை டேப்பில் எழுதி, லெப்டொப் மூடியிலேயே ஒட்டித்தான் அனுப்புகிறேன். அந்த 4 ஜி.பி. டீச்சர் அதை இன்னும் கழற்றவில்லை. “டீச்சர், லெப்டொப்புக்கும் காலாவதித் திகதி இருக்கா?” என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்களாம்.